மாறிய ஸ்விங் கணக்கில் வராது
எண்கள் துல்லியமாகிவிட்டதால் பேஸ்பாலில் ஸ்கவுட்கள் (வீரர்களை நேரில் பார்த்து மதிப்பிடுபவர்கள்) இனி எதற்கு என்று ஒரு கட்டுரை கேட்கிறது. அது அவசர முடிவு. மட்டையாளர் ஜே.டி. மார்ட்டினெஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் ஹூஸ்டன் அணிக்காக அடித்தது 7 ஹோம் ரன்தான். அந்தக் குளிர்காலத்தில் தன் ஸ்விங்கையே மாற்றி, மட்டையை மேல்நோக்கி வீசப் பழகினார். மார்செல் போன்ற கணிப்பு முறை ஒரு வீரரின் முந்தைய 3 சீசன் எண்களை, அண்மையதற்கு அதிகமாக, 5:4:3 என்று எடை போடும். புது ஸ்விங் அதில் எங்கே தெரியும்? ஹூஸ்டன் அணியினர் பயிற்சி ஆட்டங்களிலும் சொற்ப வாய்ப்பே தந்து 2014 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். டெட்ராய்ட் அணி எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு 23 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .315! வலைப்பயிற்சியில் பக்கவாட்டில் நின்று, மட்டை பந்துக்கு வரும் பாதையைப் பழைய வீடியோவோடு ஒப்பிடும் ஒரு ஸ்கவுட் சொல்லியிருந்தால், பழைய எண்களின் எடையைக் குறைத்து மறுபடி கணக்குப் போட்டிருக்கலாம். அந்த ஸ்கவுட் 20 முதல் 80 வரையான அளவுகோலில் தரும் மதிப்பெண்ணையும் தேதியோடு பதிந்து, பின்னால் சரிபார்க்கத்தான் வேண்டும்.