எருமை மிரளுது மாமா!

(காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. கோயில் நோம்பிக்கு ஊரே சேர்ந்து நாடகம் போடுகிறது. வில்லன் வேஷம் கிடைத்த முத்துசாமி தண்ணித் தொட்டியில் முகம் பார்த்து நிற்கிறார். மனைவி சரசு கட்டுத்தறியில், கையில் பால் கறக்கும் போசியோடு.)

முத்துசாமி: ஹா... ஹா... ஹஹ்ஹஹ்ஹா!

சரசு: ஏனுங் மாமா, தொண்டையில முள்ளு கிள்ளு மாட்டிக்கிச்சா?

முத்துசாமி: முள்ளா? இது பழைய சினிமா வில்லன் பி.எஸ்.வீரப்பா சிரிப்பு புள்ள!

சரசு: எங்க அப்புச்சி அந்தச் சிரிப்ப அச்சு அசலாச் சிரிக்கும். நீங்க சிரிச்சா கெணத்துல தண்ணி வத்தி மோட்டாரு காத்து வாங்குற மாதிரி இருக்குது. எருமை ரெண்டு நாளா பால் எறக்க மாட்டேங்குது.

முத்துசாமி: எருமைக்கு என்ன தெரியும்? அவரு நம்ம காங்கேயத்துக்காரரு. 1911ல பொறந்தவரு. நாடகம் நடிச்சுட்டு இருந்தவரை நம்ம கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் அம்மா பாத்துட்டு, சினிமாவுக்குச் சொல்லி உட்டுச்சு. 1940ல 'மணிமேகலை'யில நடிச்சாரு.

சரசு: உங்களை யாரு சொல்லி உட்டாங்க?

முத்துசாமி: (கேட்காத மாதிரி) 1956ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. கொள்ளைக் கூட்டத் தலைவன் இவருதான். தமிழ்ல மொதோ முழுநீளக் கலர் படம்!

சரசு: அப்ப, அதுக்கு முன்னால அடிச்ச கொள்ளையெல்லாம் கறுப்புப் பணமா?

முத்துசாமி: குகை வாசல்ல நின்னு சொல்லோணும் புள்ள... "அண்டாகா கசம், அபூகா ஹுகும், திறந்திடு சீசேம்!"

சரசு: அதச் சொல்லி நம்ம பீரோவத் தொறங்க பாக்கலாம். மூணு நாளா சாவியக் காணோம்.

முத்துசாமி: (இருமுகிறார்) அதுக்கடுத்த வருசம் 'மகாதேவி'. வசனம் கண்ணதாசன். "மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி!"

சரசு: அந்த மகாதேவி அவனைக் கட்டிக்கிட்டாளா?

முத்துசாமி: இல்ல.

சரசு: வெவரமானவ. எங்கப்பன் என்னைய ஒரு வார்த்தை கேக்கல.

முத்துசாமி: 1958ல 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வந்துச்சு பாரு... பத்மினி ஒருபக்கம், வைஜயந்திமாலா ஒருபக்கம், கால் தேய ஆடறாங்க. நடுவுல இவரு, "சபாஷ்! சரியான போட்டி!" அவ்வளவுதான். இன்னைக்கும் ரெண்டு சேவல் மொறச்சுக்கிட்டாக் கூட ஊருல அதைத்தான் சொல்றாங்க.

சரசு: பொம்பளைங்க நாங்க விடிய விடிய ஆக்கிப் போட, பந்தியில கைய வீசிட்டு வந்து "கொழம்பு, கொழம்பு"ன்னு கூவி நல்ல பேரு வாங்குவீங்களே, அந்த மாதிரி.

முத்துசாமி: சிரிக்கறது லேசில்ல புள்ள. வயித்துல ஆரம்பிக்கோணும். தலை பின்னால சாயோணும். முக்கியமா, சிரிச்சுட்டே இருந்து பட்டுனு நிறுத்தோணும். பாக்கறவனுக்கு அங்கதான் வேர்க்கும்.

சரசு: உங்களுக்கு நிறுத்தற இடம் மட்டும் நல்லா வருது.

முத்துசாமி: இத்தனை பேரை மெரட்டுன மனுசன் சொந்தமாப் படம் எடுத்தாரு பாரு, 1962ல 'ஆலயமணி', 1964ல 'ஆண்டவன் கட்டளை'. ரெண்டும் சிவாஜி. கொட்டாயில கர்ச்சீப்பு பிழிஞ்சுட்டு வந்தாங்களாம். 'ஆலயமணி'ய இந்தியில திலீப்குமாரை வெச்சு 'ஆத்மி'ன்னும் எடுத்தாரு. கத்திச் சண்டையில எம்.ஜி.ஆர்கிட்டத் தோத்தே மொதலாளி ஆனவரு புள்ள! 1984ல 'வெற்றி'ன்னு ஒரு படம் எடுத்தாரு, அதுலதான் நம்ம விஜய் சின்னப் பையனா மொதல்ல வந்தது.

சரசு: விஜய்யா! அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பால் கறக்காமக் கேட்டிருப்பேன்ல? சரி, இந்த நாடகத்துக்கு உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?

முத்துசாமி: தர்றதா? நாமதான் குடுக்கோணும். ராஜா வேசம் 8000. வில்லன் 5000. சேவகன்னா 500. ஆனா சேவகனுக்குச் சிரிப்பு கெடையாது.

சரசு: 5000 ரூவா ஏதுங்க?

(முத்துசாமி தொட்டித் தண்ணியை உற்றுப் பார்க்கிறார்.)

சரசு: மாமா. சீட்டுப் பணம் பீரோவுலதான இருந்துச்சு?

முத்துசாமி: (இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை மெதுவாக எடுத்து) திறந்திடு... சீசேம்.

(சரசு போசியைக் கீழே வைக்கிறாள். தலை பின்னால் சாய்கிறது. வயிற்றிலிருந்து கிளம்புகிறது ஒரு சிரிப்பு. தென்னை மரத்துக் காக்காயெல்லாம் பறக்கின்றன. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சிரிப்பு பட்டென்று நிற்கிறது.)

முத்துசாமி: (இரண்டடி பின்வாங்கி) சரசு... அதேதான்... அச்சு அசல் அதேதான்! சித்த இரு, எருமையப் புடிச்சுட்டு வந்தர்றேன்...

சரசு: நில்லுங்க மாமா. நான் இன்னும் சிரிச்சு முடிக்கல.