உயிர்ப் பயத்தை நம்பி முடிவெடுக்கலாமா?

நமக்கு உயிர்மேல் இவ்வளவு ஆசை இருப்பதாலேயே, இயற்கையும் நாம் நூறு வயது வாழ வேண்டும் என்று நினைப்பதாகப் பலர் நம்புகிறார்கள். பரிணாமத்தைக் கொஞ்சம் படித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். பாம்பைக் கண்டதும் துள்ளி விலகியவன் பிழைத்தான், பிள்ளை பெற்றான். அந்தப் பயம்தான் நமக்கு வந்திருக்கிறது. முதுமைக்கென்று அது உருவானதே இல்லை.

1951இல் லண்டனில் ஆற்றிய உரையில் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் இதை விளக்கினார். காட்டில் பெரும்பாலான உயிர்கள் கிழமாகும் முன்பே பசியிலோ நோயிலோ வேட்டையிலோ செத்துப்போகின்றன. அதனால் முதுமையில் மட்டும் தலைகாட்டும் கோளாறுகளை இயற்கைத் தேர்வால், அதாவது பிழைத்துப் பிள்ளை பெற உதவும் பண்புகளே நிலைக்கும் முறையால், சரியாகக் களைய முடிவதில்லை. கோளாறைத் தரும் மரபணு அதற்குள் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று, அமெரிக்காவின் ஒப்போசம். வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும், பூனை அளவு பிராணி. ஜார்ஜியா மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள சாபெலோ தீவில், இவற்றை வேட்டையாடும் பாலூட்டிகள் இல்லாமல் சில ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கூட்டம் வாழ்கிறது. உயிரியலாளர் ஸ்டீவன் ஆஸ்டாட் அவற்றை நிலப்பகுதி ஒப்போசங்களோடு ஒப்பிட்டு 1993இல் எழுதினார். தீவில் இருப்பவை கூடுதல் காலம் வாழ்ந்தன. ஒரு ஈற்றில் குறைவான குட்டிகளே போட்டன. வால் தசைநார்கூட மெதுவாகவே மூப்படைந்தது. ஆபத்து குறைந்த இடத்தில், தலைமுறை தலைமுறையாக முதுமையே தள்ளிப்போயிருக்கிறது!

மனிதரிடம் இன்னொன்றும் சேர்கிறது. மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். டான்சானியாவில் வேட்டையாடியும் காட்டு உணவைச் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களிடம் மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் குழுவினரும் கண்டது இது: தாய் கைக்குழந்தையோடு இருக்கும்போது, பால்மறந்த மூத்த பிள்ளையின் எடை பாட்டி உழைத்துக் கொண்டுவரும் உணவைச் சார்ந்திருந்தது. நம் நீண்ட ஆயுளுக்கே பாட்டிகள்தான் காரணம் என்ற கருதுகோளை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. நான் ஏற்கிறேன்.

உயிர்ப் பயம் முதுமைக்காக உருவானதல்ல என்று தெரிந்ததால்தான், ஐசியூ வாசலில் நடப்பதைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. இனி நினைவு திரும்பாது என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொன்ன பிறகும், அப்பாவை வென்டிலேட்டரில் வைத்திருக்க நகையை அடகு வைக்கிறார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் முடிவெடுப்பது பாம்பைக் கண்டு துள்ளிய அதே பயம். குணமாகும் நோய்க்குக் கடைசிவரை போராட வேண்டும். ஐம்பது வயதிலேயே சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்கவும் வேண்டும். முடிந்துபோன உடம்பை இழுத்துப் பிடிப்பது வேறு.

எந்தக் கட்டத்துக்குப் பிறகு செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழிசெய்தது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜடட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். அம்மா அப்பா நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.