ஆர்பிசனுக்குக் கிடைத்த சில வரிகள்

டிராவலிங் வில்பரிஸ் என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘ஐந்து பேரில் யார் அசத்தினார்?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். குழுவின் ஐவர்: ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெஃப் லின். பெரும்பாலானவர்கள் ஆர்பிசன் என்பார்கள். நானும் அவரைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு அவர்கள் காட்டும் பாட்டு வேறு, நான் காட்டும் பாட்டு வேறு.

அவர்கள் காட்டுவது ‘நாட் அலோன் எனி மோர்’. முதலிலிருந்து கடைசிவரை அவர் ராஜ்ஜியம். குரல் மேலே ஏறும்போது உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. ஆனாலும் அது 1960களில் அவர் தனியாகப் பாடிய பாடல்களின் வரிசையில் நிற்கிற பாட்டு. அவருடைய சொந்த ஆல்பத்தில் வந்திருந்தாலும் இதே அளவு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நான் காட்டும் ‘ஹேண்டில் வித் கேர்’ அப்படியில்லை. ஹாரிசன் சரணத்தைக் கிட்டத்தட்டப் பேசுவதுபோல் பாடுகிறார். பட்ட அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிற குரல். அப்புறம் ஆர்பிசன் சில வரிகளுக்கு மட்டும் வருகிறார். தனிமை அலுத்துவிட்டது என்கிறார், அவ்வளவுதான். அதுவரை தரையில் நடந்துகொண்டிருந்த பாட்டு அங்கே மிதக்கத் தொடங்குகிறது. உடனே டிலனும் டாம் பெட்டியும் மூக்கால் பாடிக்கொண்டு சேர்ந்து வந்து, அதை மறுபடி தெருவில் இறக்கிவிடுகிறார்கள். 1966இல் மனைவியை விபத்திலும், 1968இல் இரண்டு மகன்களைத் தீயிலும் பறிகொடுத்தவர் ஆர்பிசன். அந்த வரியை அவர் பாடக் கேட்டபின் வேறு யார் குரலிலும் என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும், ஹாரிசனின் ஒரு சிங்கிள் இசைத்தட்டுக்குப் பின்பக்கம் வைக்க அவசரமாகச் செய்த பாட்டு அது. மாலிபுவில் டிலன் வீட்டு கராஜில் பதிவானது. அங்கே கிடந்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வாசகம்தான் தலைப்பு. பின்பக்கத்தில் போட்டு வீணாக்கக் கூடாத பாட்டு என்று தோன்றியதால்தான் ஒரு முழு ஆல்பமே பிறந்தது.

எனக்கு இரண்டாம் இடம் ஹாரிசன். குரலுக்காக அல்ல, அந்த ஸ்லைடு கிட்டாருக்காக. இந்தப் பாட்டில் அவர் சோலோவைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். வாயால் முனகிக்காட்டிவிடலாம், அவ்வளவு எளிமை. ஒரு சுரம்கூட வித்தை காட்ட வைத்ததில்லை.

டிலன் விஷயத்தில் நான் இரண்டு மனதாக இருக்கிறேன். ‘ட்வீட்டர் அண்ட் த மங்கி மேன்’ ஐந்தரை நிமிடக் கதை, ஆல்பத்திலேயே நீளமானது. அதே 1988இல் வந்த அவருடைய சொந்த ஆல்பத்தில் இப்படி ஓர் உற்சாகத்தை நான் கேட்கவில்லை. ஆனால் ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ இழுவை. அதைத் தாண்டித்தான் போவேன்.

ஹாரிசனோடு சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்த ஜெஃப் லின் மேல் எனக்குக் குறை உண்டு. எல்லாவற்றையும் அளவுக்கு மேல் துடைத்துப் பளபளப்பாக்கிவிடுகிறார், முக்கியமாக டிரம்ஸை. அவர் பாடும் ‘ராட்டில்ட்’ மட்டும் தப்பித்தது, அதற்குக் காரணம் டிரம்ஸ் வாசித்த ஜிம் கெல்ட்னர். அட்டைப்படத்தில் இல்லாத ஆறாவது ஆள். ஃபிரிட்ஜைத் திறந்து அதன் தட்டுகளில் குச்சியால் வாசித்தார் மனிதர்! அந்தக் கிண்கிணிச் சத்தம் இல்லாவிட்டால் அது சாதாரணப் பாட்டு.

டாம் பெட்டிதான் ஐவரில் இளையவர். ‘எண்ட் ஆஃப் த லைன்’ பாட்டின் சரணங்களை ஒரு அலட்டலும் இல்லாமல் பாடிவிட்டு, கோரஸை மற்றவர்களிடம் விட்டுவிடுகிறார். ஆல்பம் வெளியானது 1988 அக்டோபரில். டிசம்பர் 6 அன்று, 52 வயதில், ஆர்பிசன் இறந்துபோனார். அந்தப் பாட்டின் வீடியோவை எடுத்தபோது அவர் இல்லை. அவர் குரல் ஒலிக்கிற இடத்தில் ஓர் ஆடும் நாற்காலியில் கிட்டாரை மட்டும் வைத்திருந்தார்கள். அங்கேயும் அவருக்குச் சில வரிகள்தான்.