தலைவலி இல்லையாம்!

பயிற்சி செய்யாமல் மலையேற வருகிறவர்கள் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. செய்தேன் என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு வருகிறார்கள் பாருங்கள், அவர்களை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

கத்திரி வெயில் தொடங்கியதும் சென்னையில் இந்தக் காய்ச்சலும் தொடங்கிவிடும். அலுவலகத்தில் நாலு பேர், அடுக்குமாடியில் நாலு பேர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு முளைக்கும். ஜூனில் இமாச்சலப் பிரதேசத்து ஹம்ப்தா கணவாய் என்று முடிவாகும். இந்தப் பக்கம் குலு பள்ளத்தாக்கின் பச்சை, அந்தப் பக்கம் லாஹௌலின் மொட்டைப் பாறை, நடுவே பனி என்று யாராவது ஒரு படம் போடுவார்கள். வியர்வையில் ஊறிக் கிடக்கும் ஊரில் பனியைக் காட்டினால் கேட்கவா வேண்டும்? கட்டைவிரல்கள் குவியும். டெல்லிக்கு விமான டிக்கெட், அங்கிருந்து மணாலிக்கு இரவு பஸ், எல்லாம் ஒரே வாரத்தில் எடுத்தாகிவிடும். நடக்க வேண்டுமே என்ற நினைப்பு மட்டும் யாருக்கும் வராது.

ஒரு சிகரத்தில் ஏறினால் வந்த வழியே இறங்கலாம். முடியாதவர் முகாமில் படுத்துக் கிடக்கலாம், திரும்பும்போது அழைத்துக்கொள்ளலாம். கணவாயைக் கடக்கும் பயணத்தில் அந்த வசதி கிடையாது. கணவாய்க்கு இந்தப் பக்கத்து முகாமான பாலு கா கேராவில் காலையில் கூடாரத்தைப் பிரித்துக் கோவேறு கழுதைகள் மீது ஏற்றினால், மறுபக்கம் ஷியாகோருவில் போய்த்தான் மறுபடி அடிப்பார்கள். நடுவில் தங்க இடமில்லை. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை நடை. ஒருவர் உட்கார்ந்தால் அத்தனை பேரும் பனியில் நிற்க வேண்டும். இதைப் புறப்படும் முன்பே எல்லோருக்கும் சொல்கிறார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

பயண ஏற்பாட்டாளரிடம் பதிவு செய்யும்போது ஒரு படிவம் தருவார்கள். ரத்த அழுத்தம் உண்டா, ஆஸ்துமா உண்டா, கடைசியாக எப்போது மலையேறினீர்கள் என்று கேள்விகள். எங்கள் குழுவில் ஒரு பெரிய மனிதர். எல்லாவற்றுக்கும் ‘இல்லை, இல்லை’ என்று எழுதித் தெரு முனையில் உள்ள மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். அவர் இவருடைய கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லையாம். அதையும் பெருமையாகச் சொன்னார். அடுத்தது, 5 கிலோமீட்டர் ஓடியதற்குச் செயலியின் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். அனுப்பினார். அதில் 5 கிலோமீட்டர் 11 நிமிடத்தில் முடிந்திருந்தது! ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குகிறவரே 5,000 மீட்டர் ஓட 13 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூல் பிடித்ததுபோல் போகிறது. இரண்டு இடத்தில் மட்டும் சற்று நின்று கிளம்பியிருக்கிறது. சிக்னல்! ஸ்கூட்டரில் போய்க்கொண்டே செயலியை ஓடவிட்டிருக்கிறார் மனிதர். இதைப் பார்த்து ஏற்பாட்டாளர் அனுப்பிய பதில்: “சூப்பர் சார், தேர்வாகிவிட்டீர்கள்.”

ஏற்பாட்டாளரைத் தனியாகத் திட்ட வேண்டும், வருகிறேன்.

“சென்னையில் எங்கே சார் மலை இருக்கிறது, எப்படிப் பயிற்சி செய்வது?” என்பது அடுத்த சாக்கு. கடல்மட்டத்தில் வாழ்கிறோம், சரி. படிக்கட்டுக்குமா பஞ்சம்? மெட்ரோ நிலையத்தில் நின்று பாருங்கள். நகரும் படிக்கட்டில் ஏறுவதற்கு வரிசை நிற்கும். பக்கத்தில் சாதாரணப் படிக்கட்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த வரிசையில்தான் நம் இமயமலை வீரர்களும் தோளில் லேப்டாப் பையோடு நிற்கிறார்கள். மெரினா மணலில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் கெண்டைக்கால் கெஞ்சும். பரங்கிமலையில் 130-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. முதுகில் பையோடு பத்து முறை ஏறி இறங்கினால் எந்த முழங்கால் தாங்கும், எது தாங்காது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். காசும் கேட்பதில்லை. (இந்த மலையை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பின்னாளில் இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்ட மாபெரும் நில அளவைக்கு 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடக்க அளவுக்கோட்டை அளந்தது இந்தப் பரங்கிமலைப் பக்கத்தில்தான்.) எங்கள் குழுவில் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், மார்ச் மாதத்திலிருந்து அந்தப் படிகளில் தண்ணீர் பாட்டில்களைப் பையில் நிரப்பிக்கொண்டு ஏறி இறங்கினார். அவரைப் பார்த்து நம் பெரிய மனிதர் கேட்ட கேள்வி: “எதற்கு அக்கா இவ்வளவு பயம்?”

பயம்தான். பயப்பட வேண்டிய இடம் அது. ஹம்ப்தா கணவாய் சுமார் 4,270 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்; ஆனால் அழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மலை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். பழகாத உடம்புக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை எல்லாம் வரும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இது உடற்பயிற்சி செய்தவரையும் விடாது, இளைஞரையும் விடாது. படி ஏறிய அக்காவுக்கும் வரலாம், ஜிம்மே கதி என்று கிடக்கும் பையனுக்கும் வரலாம். வருவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும். அப்போது தாமதிக்காமல் கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். ஆகவே வழிகாட்டிக்குத் தேவை ஒன்றே ஒன்று. கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குக்கூடவா வக்கில்லை?

பாலு கா கேராவில் அன்று மாலை வழிகாட்டிப் பையன் கூடாரம் கூடாரமாக வந்து, விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டு, “தலை வலிக்கிறதா? சாப்பிட்டீர்களா?” என்று கேட்டுக்கொண்டு போனான். நம் ஆள் கட்டைவிரலை உயர்த்தி, “முதல் தரம்!” என்றார். தட்டில் சோறும் பருப்பும் அப்படியே ஆறிக் கிடந்தது. அவர் ராத்திரி ரகசியமாகப் பக்கத்தில் படுத்திருந்தவரிடம் பாராசிட்டமால் கேட்டு வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டது எங்களுக்கு மறுநாள் மதியம்தான் தெரிந்தது. மாத்திரை தலைவலியை அடக்கும். மலையின் உயரத்தை அடக்குமா? மாத்திரை கொடுத்த புண்ணியவானும் வாயைத் திறக்கவில்லை. “அவர் சொல்ல வேண்டாம் என்றார்” என்கிறார். நட்பாம்!

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். மதியத்துக்குமேல் பனி இளகிக் கால் புதையும், மேகமும் இறங்கிவிடும் என்பதால்தான் அவ்வளவு அவசரம். கடைசி ஏற்றத்துக்குச் சற்றுக் கீழே, பனிச்சரிவில் மனிதர் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். எழுந்தார், பத்து அடி நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். பின்னால் வந்த அத்தனை பேரும் ஒற்றையடித் தடத்தில் வரிசையாக நிற்கிறோம். ஏறும்போது வழிந்த வியர்வை முதுகில் ஐஸாகிக்கொண்டிருக்கிறது. பரங்கிமலை அக்கா கால்விரல் மரத்துப்போய், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த எலுமிச்சை மிட்டாயை அந்த மனிதருக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். ஒரு நன்றிகூட இல்லை.

“ஒரு வழிகாட்டியோடு கீழே அனுப்புகிறோம், சார்” என்றார்கள். அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்: “முழுப் பணமும் கட்டியிருக்கிறேன். மேலே கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பு.”

பணம் கட்டினாராம். நாங்கள் என்ன ஓசியிலா வந்தோம்?

அந்த வழிகாட்டிப் பையனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. தன் பையை முதுகிலும் இவருடைய பையை முன்புறமும் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் இவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறு கையால் பனியில் கோடாலியைக் குத்திக் குத்தி ஏறினான். நடுவில் இவர் செல்போனைக் கீழே போட்டார். சரிவில் இறங்கிப் போய் அதையும் அவன்தான் எடுத்து வந்தான். முகம் சுளிக்கவில்லை. முகாமில் அவன் ஷூவைக் கழற்றியபோது பார்த்தேன்: சாக்ஸ் நனைந்து, குதிகால் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அவன் கூலி எவ்வளவு என்று கேட்டேன். அந்தத் தொகையை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதில் இவரைச் சுமப்பதற்கான கூலி சேரவில்லை.

நாங்கள் கணவாயின் உச்சியில் நின்றது எவ்வளவு நேரம்? இந்திராசன் சிகரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். மறுபக்க இறக்கம் செங்குத்து. வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டியதை இருட்டில், நெற்றி விளக்கில், வழுக்கிக்கொண்டே இறங்கினோம். சேதம் அன்றோடு முடியவில்லை. ஷியாகோருவில் பனி உருகி வரும் ஆற்றை விடியற்காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். இவர் எழுந்து தயாராகவே ஒன்பதாகிவிட்டது. முழங்காலளவில் தாண்ட வேண்டிய ஆற்றைத் தொடையளவுத் தண்ணீரில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலி போட்டுக் கடந்தோம். நடை முடிந்து வண்டி ஏறும் சத்ரு என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்காரர், “இனிமேல் சந்திரதால் கிடையாது, மணாலிக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். சந்திரதால் ஏரியைப் பார்க்கவென்றே இரண்டு வருடம் சீட்டுப் பணம் கட்டிச் சேர்த்து வந்த தம்பி ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான். மணாலி போகும் வழியிலுள்ள அடல் சுரங்கச் சாலையின் 9 கிலோமீட்டரிலும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய மனிதர் முன் இருக்கையில் குறட்டை.

ஊருக்கு வந்து அவர் போட்ட பதிவைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைகளை விரித்துக் கணவாயில் நிற்கும் படம். கீழே “மனமிருந்தால் மார்க்கமுண்டு” என்று ஒரு வரி. படத்தின் ஓரத்தில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிகிறது. கைக்குச் சொந்தக்காரனை வெட்டி எடுத்துவிட்டார். ஐந்நூறு பேர் வாழ்த்தியிருக்கிறார்கள்.

சரி, ஏற்பாட்டாளருக்கு வருவோம். 11 நிமிட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ‘சூப்பர்’ போட்டீர்களே, அதைப் பார்த்தீர்களா, இல்லை பணம் வந்ததை மட்டும் பார்த்தீர்களா? படிவத்தை யாரும் படிக்கப்போவதில்லை என்றால் அதை எதற்காக அச்சடிக்கிறீர்கள்? தகுதியில்லாத ஒருவரைத் தேர்வு செய்ததற்கு அபராதம் கட்டியது யார்? அந்தப் பையனின் குதிகால். நான் இதை எழுதிக் கேட்டதற்கு, “எல்லா வகை மனிதர்களையும் அரவணைத்துப் போவதுதான் குழுப் பயணத்தின் அழகு, சார்” என்று பதில் வந்தது. அரவணைத்தது நீங்களா? சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தீர்கள்!

“விடுங்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே” என்று என்னைச் சமாதானப்படுத்த வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். மெதுவாக நடப்பவர்களோடு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் நடப்பேன். தலைவலிக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டுச் சிக்கா முகாமிலிருந்து திரும்பிப் போன பெண் ஒருத்தி எங்கள் குழுவிலேயே இருந்தாள். அவளுக்கு ஒரு கும்பிடு. அவளைத்தான் இந்த மனிதர், “பாவம், மனத்தைரியம் இல்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது அடுத்த கோடைக்கு ரூபின் கணவாய் என்று பேச்சு நடக்கிறது. அது ஹம்ப்தாவைவிட உயரம். என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்கிரீன்ஷாட் எதுவும் எனக்கு வேண்டாம். ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்குப் பரங்கிமலை அடிவாரத்தில், முதுகில் எடையோடு, எல்லோரும் நேரில் வந்து நில்லுங்கள். மூன்று வாரம் வராதவர் பெயரை நானே அடிப்பேன். அதற்கு அந்த மனிதர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றால் என் பெயரை அடித்துவிடுங்கள். முன்பணத்தையும் திருப்பி அனுப்புங்கள்.