போரஸுக்குப் பொய் வெற்றி எதற்கு?

ஜீலம் ஆற்றங்கரையில் ஜெயித்தது போரஸ்தான், அலெக்சாண்டர் தோற்றுத்தான் ஊர் திரும்பினான் என்று சொல்லும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பகிர்கிறவர்களின் பாசம் புரிகிறது. ஆனால் போரஸின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. அதற்கான சாட்சியை எதிரியே வெள்ளியில் அடித்து வைத்திருக்கிறான்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 40 கிராம் எடையுள்ள ஒரு கிரேக்க வெள்ளிக் காசு இருக்கிறது. ஒரு பக்கம் அலெக்சாண்டர் நிற்கிறான். கையில் இடி ஆயுதம், தலைக்கு மேலே மாலை சூட்ட வரும் வெற்றித் தேவதை. கி.மு. 326-இல் நடந்த போரில் ஜெயித்தது யார் என்பதில் காசுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த பக்கத்தைப் பாருங்கள். யானை முன்னால் போகிறது, குதிரைவீரன் ஈட்டியோடு விரட்டுகிறான். யானை மேல் இருவர். பின்னால் இருப்பவர் திரும்பி, துரத்துகிறவனை எதிர்க்கிறார். அவர்தான் போரஸ் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஏனென்றால் அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய பழங்கால கிரேக்க ஆசிரியர் அரியன் சொல்வதும் இதைத்தான்: முன்பு அலெக்சாண்டரிடம் தோற்ற பாரசீகப் பேரரசன் தாரியஸ் முதல் ஆளாக ஓடினான், போரஸோ படை சிதறிய பிறகும் நின்று போரிட்டு, வலது தோளில் காயம்பட்ட பிறகே யானையைத் திருப்பினார். சரணடையச் சொல்லி வந்த பழைய பகைவன் தட்சசீலத்து அரசன் மீதும் ஈட்டியோடு பாய்ந்தார்.

இதே வரிசையில் சிறிய காசு ஒன்றும் உண்டு. ஒரு பக்கம் ஆளுயர வில்லை இழுக்கும் இந்திய வில்லாளி, மறுபக்கம் யானை. கிரேக்கன் ஒருவன்கூட அதில் இல்லை! முந்தைய இரவு பெய்த மழையில் தரை சேறாகி, அந்த நீண்ட வில்லைத் தரையில் ஊன்ற முடியாமல் போனது, தேர்களும் புதைந்தன என்கிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். அப்படியும் அந்த வில்லாளியைக் காசில் பொறிக்கத் தோன்றியிருக்கிறது என்றால், கிரேக்கர்கள் எவ்வளவு மிரண்டிருக்க வேண்டும்.

இந்தக் காசுகள் அலெக்சாண்டர் உயிரோடு இருந்தபோது, அநேகமாக பாபிலோனில் அடிக்கப்பட்டவை என்பதே பலரின் முடிவு. அப்படியானால் அவன் வாழ்நாளிலேயே பதிவான அவனது உருவம் என்ற வகையிலும் இவை அபூர்வம். சந்தையில் 'அலெக்சாண்டர் முகம்' என்று விற்கப்படும் வேறு காசுகளில் உள்ள சிங்கத்தோல் போர்த்திய தலை உண்மையில் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ்.

'உன்னை எப்படி நடத்த வேண்டும்?' என்று கேட்ட அலெக்சாண்டருக்கு, 'ராஜாவைப் போல நடத்து' என்று போரஸ் சொன்ன பதிலைப் பாடத்தில் வைக்கிறோம். அதன் பக்கத்தில் இந்த இரண்டு காசுகளின் படத்தையும் அச்சிட வேண்டும்.