ஓராண்டு தாண்டினால் இன்ஜின் ஆயில் கெட்டுவிடுமா?

"வாங்கி ஓராண்டு தாண்டிய ஆயிலை ஊற்றினால் இன்ஜின் போய்விடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. சீல் பிரிக்காத கேனை வெயிலும் ஈரமும் படாமல் வைத்திருந்தால், பல தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு சுமார் 5 ஆண்டுகள்.

திறந்த கேன் என்றால்தான் கவனம் தேவை. கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்தது போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, தயவுசெய்து ஊற்றாதீர்கள். குலுக்கியும் கலக்காத கசடு அடியில் நின்றாலும் அப்படியே.

அப்புறம், பலரும் பார்க்க மறப்பது தரக்குறியீடு. ஆயில் கெடாமலே இருந்தாலும், 'ஏபிஐ எஸ்ஏ' (API SA, அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் வகுத்த மிகப் பழைய தரம்) என்று அச்சிட்ட பழைய டப்பா 1930-க்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஆகாது. வண்டியின் கையேடு கேட்கும் தரம் கேனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.