குடியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டுமா?

"இலவச அரசு குடிநோய் மீட்பு மையத்தில் சேர, முதலில் வீட்டிலேயே குடியை அடியோடு நிறுத்திவிட்டுப் போங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்திவிடுங்கள், உயிருக்கே ஆபத்து. பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் குழப்பம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது. அந்த நாட்களை மருந்து கொடுத்துக் கடத்திவிடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். தூக்க மாத்திரைக்குப் பழகியவர்களுக்கும் இதே கதைதான்.

குடித்துக்கொண்டிருக்கும்போதே போய் உதவி கேட்கலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது என்பதை மறைக்காதீர்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. மனச்சோர்வு இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.